கதவுக்கு ஒரு கெடு

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பேருந்து வழியில் பஞ்சராகி நிற்கிறது. நிழல் தேடி ஒரு புது வீட்டின் பக்கம் ஒதுங்குகிறேன். சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்து, வாசலில் தோரணமும் கட்டியாயிற்று. கதவு மட்டும் இல்லை. உள்ளே வடநாட்டுத் தச்சர் ஒருவர் பலகை இழைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கார அம்மா நேரே என்னிடம் வருகிறார். "சார், உங்களுக்கு இந்தி வருங்களா? நாளன்னிக்கு குடி போறோம். செங்கத்துலேர்ந்து சம்பந்தி வூட்டுக்காரங்க மொத மொதல்ல வர்றாங்க. நாளைக்குள்ள கதவு மாட்டணும்னு இவருகிட்ட கண்டிஷனா சொல்லுங்க."

நாக்பூரில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட அரைகுறை இந்தியைத் தூசி தட்டுகிறேன். "கல் தக் தர்வாஜா!" என்று அதட்டலாகவே சொல்கிறேன்.

அம்மா பதறுகிறார். "இன்னாங்க, கல்லு எதுக்கு? கதவு கேளுங்க!"

இந்தியில் 'கல்' என்றால் நாளை, 'தர்வாஜா' என்றால் கதவு என்று விளக்குகிறேன். நேற்றுக்கும் அதே சொல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைக்கிறேன். அவர் முகம் வாடிப்போகிறது.

"நேத்திக்கும் அதேவா? அப்ப இவரு எதுன்னு எடுத்துக்குவாரு?"

தச்சர் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைக்கிறார். "அக்கா, நாளைக்குக் கண்டிப்பா முடிச்சிடறேன்" என்கிறார், சுத்தமான தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. "இவருக்குத்தான் தமிழ் தெரியுதேம்மா!"

"நல்லாத் தெரியுங்க. ஒரு மாசமா தமிழ்லதான் நாளைக்கு நாளைக்குன்றாரு. அவரு பாஷையில சொன்னாலாவது அந்த நாளைக்கு வந்துடும்னு பாத்தேன்."