வட்டம் விழாத தட்டு

அந்தக் கண்ணாடித் தட்டில் வட்டம் விழவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம், தாம்பரத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. டைபாய்டு நோயாளியின் ரத்தத்திலிருந்து கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மருந்து கேட்குமானால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம் தெரியும். எல்லா டாக்டர்களும் எழுதிவந்த குளோராம்பெனிகாலுக்கு, அதுவரை நான் பார்த்த தட்டுகளில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம் விழும். அன்று வில்லையின் விளிம்புவரை கிருமி மொய்த்திருந்தது. புதிதாக வந்திருந்த, விலை கூடிய ஒரு மருந்துக்கு மட்டும் பளிச்சென்று வட்டம்.

என் கண்ணை நான் நம்பவில்லை. பழைய மருந்தைத்தான் நம்பினேன். முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் வில்லைகள் கெட்டுப்போயிருக்கும் என்று முடிவுகட்டி, புது வில்லை வாங்கி மறுபடியும் வைத்தேன்.

ரிசல்ட் கேட்டு வந்தவர் அஸ்தினாபுரத்துக்காரர், ஏதோ ஆபீஸில் கிளார்க். காய்ச்சலில் கிடந்தவர் அவருடைய மனைவி, பள்ளிக்கூட டீச்சர். பத்து நாளாகக் குளோராம்பெனிகால் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் ஆகும் சார். டெஸ்ட் சரியா வரல."

"பரவால்ல தம்பி, கரெக்டா பாத்துக் குடுங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இதே கேப்ஸ்யூல்தான்னு டாக்டர் சொல்லிட்டார்."

டாக்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். போன் என் மேஜையிலேயே இருந்தது. வில்லைகளைக் கெடுத்துவிட்டேன் என்று திட்டு விழுமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டாவது தட்டும் அதே மாதிரிதான் வந்தது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, காய்ச்சல் முற்றிக் குடலில் ஓட்டை விழுந்து டீச்சரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிழைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்து, மிச்சமிருந்த சர்க்கரை டெஸ்ட்டுகளை வரிசையாக முடித்தேன். அதுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்தப் புது மருந்துக்கும் பல தட்டுகளில் வட்டம் விழுவதில்லை. கூடத்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படாமல் கம்ப்யூட்டரில் அதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.

போன மாதம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் டீச்சரின் கணவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா போனபோது கைக்குழந்தையாக இருந்த மகள் பக்கத்தில் நின்றாள். அவளிடம் என்னைக் காட்டினார்.

"அம்மாவுக்கு டெஸ்ட் பண்ணது இவர்தாம்மா. தப்பாயிடக் கூடாதுன்னு ரெண்டு தடவ பாத்தாரு."

அந்தப் பெண் கைகூப்பினாள். நானும் கைகூப்பினேன்.