மஞ்சள் நிறைந்திருக்கிறது

நாற்பத்தெட்டு வயதில் முத்துமீனாளுக்குப் படிப்பு ஏறியதைச் சங்கரன்கோவிலில் யாரும் நம்பவில்லை. அவளுடைய மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். மசாலாப் பொடி அரைப்பவர்கள். பொடியைப் போன் வழியாக விற்க ஒரு கம்பெனி வந்து பயிற்சி கொடுத்தபோது பதினோரு பேரும் நைசாகக் கழன்றுகொண்டு போனை அவள் கையில் திணித்தார்கள். ஒரே மாதத்தில் படம் பிடித்தாள், விலை போட்டாள், ஓசூர் வரைக்கும் பார்சல் அனுப்பினாள். உள்ளூர்க் கடைக்காரர்கள் இவர்களிடம் வாங்குவதை நிறுத்தி வெகுநாளாயிற்று. அந்தப் போன்தான் பன்னிரண்டு பேருக்கும் பிழைப்பு.

எல்லாம் கைவந்தது, ஒன்றைத் தவிர. சரக்குத் தீர்ந்தால் பொருளுக்கு நேரே இருக்கும் 'இல்லை'யை அழுத்த வேண்டும். மிளகாய்ப் பொடிக்கு அழுத்திவிடுவாள். மஞ்சளுக்கு விரல் போகாது. வீட்டில் மஞ்சள் தீர்ந்தால் 'நிறைந்திருக்கிறது' என்று சொல்லியே வளர்ந்தவள். கணவர் நெல்லைநாயகம் வாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். இந்த நேரத்தில் மஞ்சள் இல்லை என்று தன் விரலாலேயே எழுதிக்கொடுப்பாளா?

ஆடித்தபசுக்கு முந்திய வாரம், வரவேண்டிய மஞ்சள் மூட்டைகள் வரவில்லை. ஆர்டர் மட்டும் வந்து குவிந்தது.

"எக்கா, அந்த இல்லேங்கதை ஒரு அமுக்கு அமுக்குனா என்ன?" என்றாள் குழுவில் இளையவளான முத்துத்தாய்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா எப்படிட்டி அமுக்குவேன்?"

நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்றே பதினாறு ஆர்டர் தவறிப்போனது. கம்பெனிப் பெண் போனில் கூப்பிட்டாள். இல்லையென்றால் இல்லை என்று போட வேண்டியதுதானே என்று மரியாதையாகத்தான் கேட்டாள். முத்துமீனாளிடம் பதில் இருந்தது. சொன்னால் சிரிப்பாளோ என்ற கூச்சத்தில் வாயைத் திறக்கவில்லை. பாழாய்ப்போன கூச்சம்.

மறுநாள் காலை போனைத் திறந்தாள். கம்பெனிக்காரர்கள் போனிலிருந்த கடையையே மூடிவிட்டிருந்தார்கள். மஞ்சள், மிளகாய், மல்லி, சாம்பார்ப் பொடி எல்லாவற்றுக்கும் நேரே சிவப்பில் 'இல்லை' என்றிருந்தது. மூன்று முறை கெஞ்சிப் பார்த்தாள். இனித் திறக்க வழி கிடையாது என்றார்கள். மஞ்சள் மூட்டைகளும் அன்றைக்குத்தான் வந்து இறங்கின.

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அரைக்க வந்த முத்துத்தாய், "எக்கா, இன்னைக்கு ஆர்டர் உண்டா?" என்று கேட்டாள்.

முத்துமீனாள் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நெறஞ்சிருக்குட்டி."

முத்துத்தாய் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.