ஓட்டப் பந்தயத்தில் ராகு காலம்

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் டப்ளின் மைதானத்தில் மகள் நிலாவுக்கு நூறு மீட்டர் இறுதி ஓட்டம்.

அவள் தடத்தில் இறங்கியபோதுதான் என் வீட்டுக்காரர் போனில் பஞ்சாங்கம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. விழுந்து கை கால் போச்சுன்னா? பேரை எடுத்துரலாம்.”

நான் தடுப்பதற்குள் கோச்சிடம் ஓடிவிட்டார். அந்தம்மா ஒரு காலத்தில் ஜமைக்காவின் ஓட்டச் சாம்பியன். முழங்கால் போன பிறகு இங்கே பிள்ளைகளைப் பழக்குகிறார். ராகு காலம் என்றால் என்னவென்று இவர் விளக்க, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் சாம்பியன் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான்.”

இவர் போனோடு என்னிடம் திரும்பி வந்தார். நிலா குனிந்து விரல்களை ஊன்றினாள்.

துப்பாக்கி வெடித்தது. கத்திக் கத்தி என் தொண்டை கிழிந்தது. ஓட்டம் முடிந்து திரும்பினால், இவர் போனுக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார்.

“ஓட்டத்தைப் பாத்தீங்களா இல்லையா?”

“இரு. ஜமைக்கால சூரியன் எப்ப மறையும்னு பாக்கறேன். ஞாயித்துக்கிழமை ராகு காலம் அதோட முடிஞ்சிரும். அந்தம்மா அதுக்கப்புறம்தான் ஓடியிருக்கணும்.”

நிலா எத்தனாவதாக வந்தாள் என்று இதுவரை அவரிடம் சொல்லவில்லை. நல்ல நேரம் எப்போது என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.