தண்ணீருக்குள் கல்லறைத் திருநாள்

அந்த ஆண்டு கல்லறைத் திருநாள் வருவதற்கு முன்பே எங்கள் ஏரி நிரம்பிவிட்டது. ஊரின் கல்லறைத் தோட்டம் ஏரியின் உட்பக்கச் சரிவில் இருக்கிறது. மேட்டில் இடம் தீர்ந்துபோய்ப் பல காலமாகிறது. அதனால் வரிசை வரிசையாகக் கீழே இறங்கிப் புதைத்து வந்தோம். தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறுவது அரிது. சித்திரையில் இறந்த என் அக்காள் கணவருக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். எனக்கு மாமா. ஐப்பசியில் அந்த வரிசையும், அதற்கு மேல் இரண்டு வரிசைகளும் மூழ்கின. மாமாவின் மரச்சிலுவையைத் தண்ணீர் பிடுங்கிக் கரையில் ஒதுக்கியிருந்தது.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கரையில் நின்றபடியே ஏரியைப் பார்த்துத் தீர்த்தம் தெளித்தார். மற்றவர்கள் கரையிலேயே பூவை வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். அக்கா கூடையைக் கீழே வைக்கவில்லை.

"இங்கியே வச்சிடுக்கா. சாமியே சொல்லிட்டாரு இல்ல?"

"கரையில வச்சா கரைக்குதாண்டா வச்சது. அவுருக்கா வச்சது?"

என்னிடம் ஒரு வழிகாட்டிக் கருவி இருந்தது. சென்னையில் நான் கார் ஓட்டிய வீட்டு முதலாளி வெளிநாட்டில் வாழ்ந்தவர். அங்கே ஏரிகளில் படகு விடுவாராம். கார் கண்ணாடியில் ஒட்டும் அந்தக் கருவியில் ஏரிகளின் வரைபட அட்டையைப் போட்டு அதையே படகிலும் வைத்துக்கொள்வாராம். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எங்கே பாறை என்று அதில் கோடுகள் உண்டு. வேலையை விட்டு வரும்போது அதை எனக்குக் கொடுத்தார். எங்கள் ஏரிக்கு ஆழக் கோடு எதுவும் கிடையாது. வெறும் நீலத் திட்டு.

மாமாவை அடக்கம் செய்த அன்று அமரர் ஊர்தியை நான்தான் ஓட்டினேன். மேட்டுப் பாதையில் முள் மண்டியிருந்ததால் வறண்டிருந்த ஏரிக்குள் இறக்கிக் கொண்டுபோனேன். வெடித்த தரையில் வண்டி நின்றது. திரையிலோ நாங்கள் நீருக்கு நடுவில் நின்றோம். ஒரு நாள் இது உண்மையாகிவிடும் என்று பட்டது. திரையில் அந்த இடத்தில் ஒரு கொடி குத்தி, ஆங்கில எழுத்தில் 'மாமா' என்று பெயர் போட்டு வைத்தேன். எதையும் குறித்து வைப்பது என் வழக்கம்.

ஏரியில் மீன் பிடிக்கிறவரிடம் ஒரு சிறிய பைபர் படகு இருந்தது. கருவிக்கு மின்சாரம் வேண்டுமே என்று பழைய பைக் பேட்டரி ஒன்றை பிளாஸ்டிக் வாளியில் வைத்து எடுத்துப் போனேன்.

"இன்னாண்ணா, காருக்கு வயி சொல்ற பொட்டிய தண்ணிக்கு எட்த்துக்கினு வந்துகீற?" என்றார் அவர். ஆனாலும் அக்காவின் கூடையை வாங்கி நனையாத இடமாகப் பார்த்து வைத்தார்.

படகு நகர்ந்ததும் கருவிக்குள்ளிருந்த பெண் குரல் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. சற்றுத் தள்ளிப் போகப் போகத் திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

"இன்னா சொல்லுது அந்தம்மா?"

"திரும்பி ரோட்டுக்குப் போவச் சொல்லுது."

"அதுக்குக் கீற புத்தி நமக்கு இல்லியே" என்றார் மீன்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. நான் காருக்கான அமைப்பைப் படகுக்கு மாற்றினேன். குரல் அடங்கியது. அதன் பிறகு திரையில் ஒரு அம்பும் ஒரு கொடியும் மட்டும் இருந்தன. நான் கையால் திசை காட்ட, அவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். அம்பு கொடியின் மேல் போய் ஏறியதும் நிறுத்தச் சொன்னேன்.

"இங்கியா?" என்று கேட்டாள் அக்கா. கூடைத் துணியை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். அடக்கத்தன்று கருவி வண்டியின் சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்தது. பிடுங்கினால் அணைந்துவிடும். நான் இருக்கையில் இருந்தபடியே கொடியைக் குத்தியிருக்கிறேன். குழியோ மேற்கே, மேட்டுப் பக்கம். பெட்டியை நான்கு பேர் தூக்கிப் போனார்கள். இவ்வளவு நாளும் இது எனக்கு உறைக்கவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றால் அவள் நம்பிவிடுவாள். மீன்காரருக்கும் தெரியப்போவதில்லை.

"இது வண்டி நின்ன எடம்க்கா. மாமா இங்க இல்ல."

படகு மெல்லத் திரும்பியது. மீன்காரர் கழியை ஆழ ஊன்றிப் பிடித்தார்.

"வண்டி நின்ன எடமா?" என்றாள் அக்கா. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். கலங்கல் நீர்; ஒன்றும் தெரியவில்லை. "பொம்பளைங்கள இதுக்கு மேல வராதீங்கன்னு நிறுத்திட்டீங்களே, அந்த எடமா? இங்கதானடா பெட்டிய மூடுனீங்க."

"ஆமாக்கா."

"குழிய அப்பறம் எத்தினியோ வாட்டி பாத்துட்டேன். அவுரு மூஞ்ச கடசியா பாத்தது இங்கதான்."

பாதிச் சாமந்தியை அங்கே தண்ணீரில் விட்டாள். மெழுகுவத்தி காற்றில் பற்றவில்லை. ஏற்றாமலே அதைக் கையில் பிடித்துச் செபம் சொன்னாள். முடிந்ததும் கூடையை மடியில் இழுத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"மிச்சம் அவுருக்கு. இப்ப தேடு."

கருவியை அணைத்தேன். மேற்கே போகச் சொன்னேன். மீன்காரர் கழியால் அடியைத் தட்டித் தட்டிப் படகை நகர்த்தினார். முதலில் சேறு, பிறகும் சேறு. பிறகு கழி எதிலோ 'டக்'கென்று இடித்தது. சிமெண்ட். மாமாவுக்கு இன்னும் மண்மேடுதான்; ஆகவே இது மேல் வரிசையில் யாருடைய கல்லறையோ. மாமாவைத் தாண்டி வந்திருக்கிறோம்.

"பின்னால தள்ளட்டா?" என்றார் மீன்காரர்.

"வேணாம்பா" என்றாள் அக்கா. "பக்கத்து வூட்டுக்காரங்கதான். சொல்லிடுவாங்க."

கூடையைக் கவிழ்த்தாள். பூக்கள் எல்லாம் தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரம் படகோடு ஒட்டி நின்றன.