கோணிய முகத்தோடு விசாரணைக்கு

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். பாதி முகம் தொங்கிக் கிடந்தது.

அம்மா நர்ஸ். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "கண்ண மூடுடி, பாப்போம்." இடது கண் மூடவில்லை. "ரெண்டு கையயும் தூக்கு." தூக்கினேன். பக்கவாதம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் தாடையை விட்டாள்.

டாக்டர் முகவாதம் என்றார் (முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது). ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) எழுதிக் கொடுத்தார். தூங்கும்போது கண்ணில் களிம்பு போட்டு பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. நரம்பு சாகல. நிதானமா திரும்பி வரும்."

ஏன் வந்தது என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். அந்த நேர்மைக்காக இன்றும் அவர்மேல் மரியாதை உண்டு. பஸ் ஜன்னல் காற்றுதான் காரணம் என்று சொன்னவர்கள் யார்மேலும் இல்லை.

மறுநாள் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் விசாரணை. நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் நேரம் பார்த்து என் நெறியாளர் பின்னால் வந்து கைவைப்பார். அதைப் புகாராகக் கொடுத்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இதற்கென்று தனிக் கமிட்டி எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. துறைத் தலைவரும் இரண்டு பேராசிரியர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். மூவரும் தினமும் அவரோடு காபி குடிப்பவர்கள். வேறு நெறியாளரிடம் என்னை மாற்றாவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டியதுதான்.

விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டேன். வராவிட்டால் புகாரை வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வோம் என்றார்கள். போனேன்.

ப, ம எதுவும் உதட்டில் நிற்கவில்லை. இருந்தும் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பேசப் பேச, நல்ல பக்கம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டது. தலைவர் பேனாவை மூடினார். "யாகம்மா நகுத்தா இத்தீயா?" என்றார் கன்னடத்தில். ஏனம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்று.

வெளியே நின்றிருந்த அம்மா உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "சார், இது சிரிப்பில்ல, சீக்கு. அவ சொன்னதுக்கு மட்டும் பதில் கேளுங்க." தமிழில்தான் சொன்னாள். அவர்களுக்குப் புரிந்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வராந்தாவில் என்னோடு ஆராய்ச்சி செய்த பெண் நின்றிருந்தாள். என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவள். "பொய் சொன்ன வாய், கோணிப்போச்சு பாரு" என்று காதில் விழும்படி சொன்னாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தனியாகப் போகாதீர்கள். உங்கள் அம்மா நர்ஸாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

பிசியோதெரபி (தசைகளுக்கான பயிற்சி) கண்ணாடி முன்னால் நடந்தது. மூக்கைச் சுருக்கு, கன்னத்தை உப்பு, விசில் அடி. முதலில் இமை வந்தது. உதடு வெகு காலம் எடுத்துக்கொண்டது. விசாரணை முடிவு வருவதற்குள் எனக்கு விசிலே அடிக்க வந்துவிட்டது.

முடிவு இதுதான்: எனக்கு வேறு நெறியாளர், பழையவருக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை. அவர் அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தார். அதை நீதி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பு தேறியதும் பழைய முகம் வந்துவிட்டதே என்றார்கள். வரவில்லை. முன்பெல்லாம் யாரைக் கண்டாலும் அது தானாக மலர்ந்துவிடும். இப்போது என்னைக் கேட்டுத்தான் அசைகிறது.

ஆராய்ச்சி முடித்தவர்களோடு துறையில் குரூப் போட்டோ எடுப்பது வழக்கம். முன்வரிசையில் அந்தப் பழைய நெறியாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் பின்னால் என்னை நிறுத்தினார்கள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "ஸ்வல்ப நகி, மேடம்" என்றார். கொஞ்சம் சிரியுங்கள் என்று.

நரம்பு முழுதாகக் குணமாகியிருந்தது. நான் சிரிக்கவில்லை.