டெல்லியில் கேட்ட என் பதில்

எழுபதுகளில் காரைக்கால் அரசு அலுவலகம் ஒன்றில் நான் குமாஸ்தா. யார் மனுவோடு வந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காமல், "பாண்டிச்சேரியில போய்க் கேளுங்க" என்பேன்.

காரைக்கால் முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்; என் மனைவி பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. இந்தியக் குடியுரிமை கேட்டு அவள் போட்ட மனுவுக்குப் பதிலே வராததால், நானே டெல்லிக்குப் போனேன். குன்றின்மேல் இங்கிலீஷ்காரன் கட்டிய சிவப்புக்கல் அரசு அலுவலகக் கட்டடங்கள் எதிரும் புதிருமாக நின்றன. இங்கே கேட்டால் அங்கே என்றார்கள். அங்கே கேட்டால் இங்கே. மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா, "காரைக்காலா? தமிழ்நாடுதானே, மெட்ராஸ் போங்கள்" என்றார். எங்களைச் சுற்றித்தான் தமிழ்நாடு, ஆட்சி பாண்டிச்சேரி என்று விளக்கினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்படியானால் பாண்டிச்சேரியில் போய்க் கேளுங்கள்."

எனக்கு ரத்தம் கொதித்தது.

ஊர் திரும்பியதும், பக்கத்துத் திருவேட்டக்குடியிலிருந்து ஓர் அம்மா அலுவலகத்தில் என் முன் வந்து நின்றார்.

"மவன் துபாய் போற காயிதங்க. நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு தடவ பாண்டிக்கு அலைஞ்சிட்டேன். இங்கதான் இருக்குங்கிறாங்க."

வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டுத் தேடினேன். என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

"விசாவுக்கு நாள் போயிடுச்சுங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அந்த டெல்லிக்காரரை இன்றும் திட்டுகிறேன். அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேரும்.