ஆறு புள்ளி குறைவு

எங்கள் வீட்டு வாசல் படலையிலிருந்து சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. பெரிய பள்ளிக்கூடத்துக்கு இரண்டாயிரத்து நாற்பது எட்டும், நடுவில் ஒரு மெயின் ரோட்டும். இவை ஒன்பது வயதுக் காலின் கணக்குகள். வளர்ந்த காலுக்குக் குறையவேண்டும். ஆனால் முழங்கால் மடங்க மறுப்பதால் எனக்கு இப்போது கூடத்தான் வருகிறது. போன கிழமை இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

சின்னப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க மெயின் ரோட்டைக் கடக்கவேண்டும். ஆண்பிள்ளைகள் கடந்தார்கள். பெண்பிள்ளைகளில் அனேகம் பேர் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அக்கரைப்பற்று பஸ் வேகமாக வருகிறது என்பார்கள். கடைவாசலில் நிற்பவர்களின் கண்ணைப் பற்றியும் சொல்வார்கள். எங்கள் வாப்பா மற்ற வாப்பாமாரைவிடக் கொஞ்சம் இளகியவர். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"தம்பிக்காரன் கூடப் போறதெண்டா அவள் போகலாம். தனியப் போக ஏலா."

தம்பிக்காரன் நான்தான். ராத்தா என்று நான் கூப்பிடும் அக்கா ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நான் நான்கில் இருந்தேன். அவள் பாஸானால், நான் வந்து சேரும்வரை ஒரு வருடம் வீட்டில் இருக்கவேண்டும். அப்படி ஒரு வருடம் வீட்டில் இருந்தவர்கள் எங்கள் தெருவில் ஏழு பேர். திரும்பப் புத்தகம் தூக்கியவர்கள் பூச்சியம்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம், டிசம்பர் மாதம், ராத்தா பெயிலானாள்.

அதற்கு முன் அவள் எழுதிய தவணைப் பரீட்சைகள் பதினான்கு. பதின்மூன்றில் முதலாம் பிள்ளை. அம்மை போட்டிருந்த தவணையில் மட்டும் இரண்டாம் பிள்ளை. இந்தத் தடவை தேர்ச்சி அறிக்கையில் தமிழ் முப்பத்தொன்பது, கணக்கு முப்பத்தொன்பது, சமூகக் கல்வி முப்பத்தொன்பது, விஞ்ஞானம் முப்பத்தொன்பது. பாஸாக நாற்பது வேண்டும். இஸ்லாம் பாடத்தில் மட்டும் தொண்ணூற்றாறு.

உம்மா அதை நாவூறு என்றார். பதின்மூன்று தடவை முதலாவதாக வந்தால் ஊர் நாக்கு சும்மா இருக்குமா? லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து ராத்தாவுக்கு மூன்று மிடறு கொடுத்தார். மிச்சத்தை எனக்குத் தந்தார். என்மேல் ஊர் நாக்கு பட ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனாலும் வீணாகக் கூடாதே.

நான் பெரும் சந்தோஷத்தில் இருந்தேன். 'ராத்தாவப் பாரு, ராத்தாவப் பாத்துப் படி' என்று ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு தடவை கேட்டு வளர்ந்தவன் நான். முற்றத்தில் ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளி, "முப்பத்தொம்பது, முப்பத்தொம்பது" என்று பாடினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

வாப்பா மாவடிப்பள்ளிப் பக்கம் வயலுக்குப் போய் வந்த சேற்றுக்காலோடு விசயத்தைக் கேட்டார். வாளித் தண்ணீரில் காலைக் கழுவினார். பிறகு சொன்னார்:

"நிப்பாட்டுறதெண்டாலும் பாஸ் பண்ணி நிப்பாட்டோணும். பெயிலாகி நிண்டவள் எண்டா ஊர் சிரிக்கும். நாளைக்குப் போய் ஹெட்மாஸ்டரோட கதைச்சி ஏத்தி எடுக்கிறன்."

"வேணாம் வாப்பா. நான் இன்னொரு வருசம் அதே வகுப்பில இருக்கிறன்," என்றாள் ராத்தா.

"நீ சும்மா இரி. வாப்பா உனக்காகத்தானே போறன்."

அப்போதுதான் அவள் அழுதாள். வகுப்பேற்றிவிடுகிறேன் என்றதற்கு அழுத பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை. நன்றியில் அழுகிறாள் என்று உம்மா சொன்னார்.

அடுத்த நாள் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு மண்முட்டி எருமைத் தயிரைத் தொங்கவிட்டு, முன் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு வாப்பா புறப்பட்டார். முட்டி ஆடாமல் பிடிப்பது என் வேலை. பள்ளிக்கூட அலுவலகத்தின் கூரைத் தகரத்தைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. இப்போது தென்னோலைக் கிடுகுதான். நான் உள்ளே போனதும் கிடுகை எண்ணத் தொடங்கினேன். ஹெட்மாஸ்டர் தயிர் முட்டியைப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார்.

"என்னத்துக்குக் காக்கா இதெல்லாம்," என்று வாப்பாவை அண்ணன் முறை சொல்லி, முட்டியை மேசைக்குக் கீழே தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

ராத்தாவின் விடைத்தாள்களை எடுத்துப் பரப்பினார். "நாலு பாடத்தில ஒவ்வொரு புள்ளி. மொத்தம் நாலு குறையுது. அஞ்சு வரைக்கும் நான் போட்டுக் குடுக்கலாம். அதுக்குக் கூடினாத்தான் கஷ்டம்."

அந்த ஐந்து புள்ளிச் சட்டம் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வாப்பாவின் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் வெள்ளாமை பற்றியும் வெள்ளம் பற்றியும் கதைக்கத் தொடங்கினார்கள். கிடுகு நூற்றெட்டோடு முடிந்துவிட்டதால் நான் விடைத்தாள்களை இழுத்துப் பார்த்தேன்.

தமிழில் 'எங்கள் வீட்டுப் பசு' கட்டுரை. ஒரு பந்தி முத்து முத்தாக எழுதியிருந்தாள். அடுத்த பந்தி 'எங்கள் பசுவுக்கு நான்கு' என்பதோடு நின்றது. கால் இல்லை. கணக்குத் தாள் இன்னும் வேடிக்கை. கடைசியில் இருந்த கஷ்டமான ஐந்து கணக்குகளைச் செய்திருந்தாள். முதல் ஐந்தும், நானே செய்துவிடக்கூடிய கூட்டல் கழித்தல்கள், வெறுமையாகக் கிடந்தன. இவ்வளவு மடைச்சியா என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பிறகு, கண்ணில் பட்ட எண்களை விடமுடியாத என் குணப்படி, சிவப்பு மையில் இருந்த புள்ளிகளைக் கூட்டினேன். எட்டு, ஏழு, ஒன்பது, ஐந்து, எட்டு. மறுபடியும் கூட்டினேன்.

"சேர், இதில முப்பத்தேழுதான் வருது. முப்பத்தொம்பது எண்டு போட்டிருக்கு."

வெள்ளாமைக் கதை நின்றது. ஹெட்மாஸ்டர் தாளை வாங்கிப் பேனையால் தட்டித் தட்டி மூன்று தடவை கூட்டினார். கணக்கு எப்படிக் கூட்டினாலும் முப்பத்தேழிலேயே நின்றது.

"அப்ப ஆறு குறையுது காக்கா," என்றார் மெல்ல. "பொடியன் கூட்டிட்டான். தெரியாமப் போட்டிருந்தா வேற. தெரிஞ்ச பிறகு எப்படிப் போடுற?"

வாப்பா மேசைக்குக் கீழே பார்த்தார். ஹெட்மாஸ்டரும் பார்த்தார். முட்டி வெளியே வரவில்லை.

பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே வந்ததும் வாப்பா சைக்கிளில் ஏறினார். என்னை ஏற்றவில்லை.

"உன்னக் கூட்டச் சொன்ன ஆரு? தயிரும் போச்சி, புள்ளியும் போச்சி. நடந்து வா."

இருநூற்றுப் பன்னிரண்டு எட்டையும் மிக மெதுவாக வைத்தேன். ராத்தாவை அவமானத்தில் தள்ளிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பாடியது வேறு, இது வேறு. அவள் வீட்டுப் படலையடியில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஹெட்மாஸ்டர் என்ன செல்லிட்டார்?"

"ஏத்த ஏலாதாம். கணக்கில சேர் கூட்டினது பிழை. நான்தான் கண்டு புடிச்ச."

"மொத்தம் எத்தின குறையுது?"

"ஆறு."

"ஆறு," என்று அவளும் சொன்னாள். "சரிதான்." வகுப்பில் விடை சரியாக வந்தால் சேர் சொல்கிற மாதிரி இருந்தது.

பிறகு உள்ளே போய், ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து எங்கோ ஒளித்துவைத்திருந்த தொதல் இனிப்புத் துண்டுகள் இரண்டைக் கொண்டுவந்து, இரண்டையுமே என் கையில் வைத்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. முதல் துண்டில் ஒரு மூலையைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டேன். கோழி மூன்று தடவை கொக்கரித்துவிட்டு இன்னும் கேட்டது. அதன் பிறகே சாப்பிட்டேன்.

"சரி, இன்னொரு வருசம் இருந்து பாஸ் பண்ணட்டும். மறுகா நிப்பாட்டுவம்," என்றார் வாப்பா.

அந்த ஒரு வருடம் நான் பட்டதை எழுத இந்தத் தாள் போதாது. ராத்தாவும் நானும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாய் கழுவுமுன் வாய்ப்பாடு. ஒரு பிழைக்கு ஒரு குட்டு. முதலாம் தவணையில் மட்டும் நூற்று நாற்பத்தேழு குட்டு வாங்கினேன். "நீ மட்டும் பெயிலாகு, உன்னக் கடலில கொண்டு போடுறன்," என்பாள். பெயிலானவள் என்னை மிரட்டுகிறாள் என்று உம்மாவிடம் முறையிட்டேன். உம்மா சிரித்தாரே தவிர அவளைத் தடுக்கவில்லை.

வருட முடிவில் அவள் முதலாம் பிள்ளை. நான் முப்பத்தொரு பேரில் இருபத்துமூன்றாவது. பாஸ். வாப்பா இரண்டு அறிக்கைகளையும் இரண்டு கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். தம்பிக்காரன் கூடப் போனால் போகலாம் என்று சொன்னவர் அவர்தான்.

ஜனவரியில் நாங்கள் இரண்டு பேரும் பெரிய பள்ளிக்கூடம் போனோம். பெயிலான ராத்தாவை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தெருவில் கண்ட எல்லோருக்கும் சொன்னேன். பதினொரு பேருக்குச் சொன்னேன். மெயின் ரோடு வந்ததும் அவள் என் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டாள். அவளது முந்திய வருட வகுப்பில் பாஸான பெண்கள் பத்துப் பேர். அவர்களில் மூன்று பேரைத்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்டேன்.

அப்போது எனக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது.

"ராத்தா, எல்லாத்திலயும் பெயிலான நீ இஸ்லாத்தில மட்டும் எப்படித் தொண்ணூற்றாறு எடுத்த?"

அவள் பஸ் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அதிலயும் பிழையா எழுதினா அல்லாஹ்வுக்கு என்னத்தச் செல்லுற?"

நான் ஆயிரத்து நூற்று முப்பத்தாறாவது எட்டில் இருந்தேன்.

"கதை குடுக்காத ராத்தா," என்றேன். "எண்ணிக்கை பிழைக்கப் போகுது."